முப்பத்தாறு பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

போய்விட்டு வந்தாயிற்று. இருபத்தாறாவது தடவை.

காலை ஆறரை பஸ். நாலாம் நம்பர் சீட், மடியில் மகள் சில்லு. இரண்டரை மணி நேரத்தில் எல்லை. இந்தப் பக்கம் வெளியேறும் முத்திரை ஒன்று, நூறு அடி நடந்தால் அந்தப் பக்கம் உள்ளே நுழையும் முத்திரை ஒன்று. ஒரு டீ, சில்லுவுக்கு பிஸ்கட், பாத்ரூம். பிறகு வந்த வழியே திரும்ப இரண்டு. முப்பது நாளுக்கு மேல் எங்களுக்கு இங்கே தங்க அனுமதி இல்லை. வெளியே கால் வைத்துவிட்டு வந்தால் புதிதாக முப்பது கிடைக்கும். மாதம் நாலு முத்திரை, மாதம் ஒரு பக்கம். பாஸ்போர்ட் காலண்டர் மாதிரி தீர்ந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறதே என்றுதான் தைரியமாக இருந்தேன்.

இன்று முத்திரை அதிகாரி முன்னும் பின்னும் புரட்டினார். நான் கையை நீட்டி, கடைசியில் இரண்டு பக்கம் காலி இருக்கிறது என்று காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். மேலே பொடி எழுத்தில் இருந்ததை விரலால் தட்டினார். அந்தப் பக்கங்கள் நம் அரசாங்கம் ஏதாவது குறிப்பு எழுதுவதற்காம். யாரும் அதில் முத்திரை குத்தக் கூடாதாம். இரண்டு வருடமாகப் புரட்டுகிறேன், ஒரு நாளாவது அந்த வரியைப் படித்தேனா? எம்.எஸ்ஸி. பௌதிகமாம். நல்லாப் படிச்சே போ.

பழைய முத்திரைகளுக்கு நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து நாலாவதைக் குத்திக் கொடுத்தார். அடுத்த முறை இதோடு வராதீர்கள் என்றார். சில்லுவின் புத்தகமும் அதே கதிதான்.

ஏப்ரல் 2 வரை இருக்கலாம். அதற்குள் புது பாஸ்போர்ட் வர வேண்டும். வராவிட்டால் நானும் சில்லுவும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். போனால் போனதுதான். இவர் வேலை முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.


மார்ச் 5, புதன்

ஷாம்பு பாட்டில் மூடியை ஸ்கெட்ச் பேனா மையில் தோய்த்து சுவரில் பதினோரு முத்திரை குத்தி வைத்திருக்கிறாள் சில்லு. அடிக்கக் கை வரவில்லை. பதினொன்றும் நேராக, வரிசையாக இருக்கின்றன.


மார்ச் 6, வியாழன்

இவர் கூப்பிட்டார். ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் வேலை சைட்டில், முகாமின் இரவுச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே பேசினார். பின்னால் தட்டுச் சத்தம்.

சொன்னேன். "கடைசி ரெண்டு பக்கம் செல்லாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் என்ன மாசாமாசமா போறேன்?"

அதுதானே. போகிறவளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு குரலை இறக்கினார். "சரி விடு. இந்த முறை தடி புக்கா வாங்கிடு. அறுபது பக்கம் வருமாம், இங்க ஒருத்தன் சொன்னான். அஞ்சு வருஷத்துக்குத் தொல்லை இல்ல."

அறுபது பக்கம். அறுபது மாதம். ஆறரை பஸ் அறுபது தடவை. அவர் தொல்லை இல்லை என்று சொன்னதை மனசுக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தேன்.

குடும்ப அனுமதி என்னவாயிற்று என்று கேட்டேன். அது கிடைத்துவிட்டால் எல்லைக்கே போக வேண்டாம். "கம்பெனி இன்னும் தரலைம்மா. நான் என்ன பண்றது?" இரண்டு வருடமாக அதே பதில், அதே 'ம்மா'.

அம்மாவிடமும் பேசினேன். பாஸ்போர்ட் நிறைந்துவிட்டது என்றதும் சிரிக்கிறாள். "உன் நாத்தனார் சொல்றா, மாசாமாசம் ஃபாரின் டூர் போறாளாம் எங்க அண்ணி, குடுத்து வச்சவன்னு." நானும் சிரித்தேன். எல்லைக் கான்டீனில் எடுத்த போட்டோவை அனுப்பியது நான்தானே. அதில் பின்னால் இருந்த கழிப்பறைப் பலகையை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.


மார்ச் 9, ஞாயிறு

விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பேர், பிறந்த தேதி, கணவர் பேர், உடம்பில் அடையாளம் – எல்லாம் மளமளவென்று போனது. பதினெட்டாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

'தற்போது வசிக்கும் ஊரில் உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் பெயர், முகவரி, தொலைபேசி.'

உறவினர் அல்லாத இருவர்.

நன்கு அறிந்த.

எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன். வந்தேன். கேள்வி அங்கேயே இருந்தது.

எதிர் வீடு – மூன்று குடித்தனம் மாறிவிட்டது, இப்போது யார் என்றே தெரியாது. பார்க்கில் ஊஞ்சல் தள்ளும் அம்மாக்கள் – சிரிப்போம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் – வாடகை நாளில் வரும் ஒரு மெசேஜ். குழந்தை டாக்டர் – "வெயிட் பரவாயில்ல, அடுத்த ஆள்."

இரண்டு வருடம் ரெண்டு மாசம் ஒரு ஊர்ல இருந்திருக்கேன். என்னைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இல்லையா? நாளைக்கு நான் மாடிப்படியில விழுந்து கெடந்தா சில்லு யாரைக் கூப்பிடும்? எனக்கு என்ன குறை, பேசத் தெரியாதா? காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்லதானே எல்லாக் கூட்டமும்?

இன்னொன்றும் உறைத்தது. இந்த ஊரில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அந்த முத்திரை அதிகாரிதான். மாதம் இரண்டு முறை, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படிப்பார். இவர் 'ம்மா' என்பார். சில்லுவுக்கு நான் அம்மா. அந்த அதிகாரியின் பேரைப் பதினெட்டாவது கேள்வியில் எழுதலாமா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். அவர் பேர் எனக்குத் தெரியாது.


மார்ச் 10, திங்கள்

சலவைக்கடை அக்காவிடம் போய் நின்றேன். வாரம் ஒரு முறை இவர் சட்டைகள் சைட் வேனில் வரும். மண்ணும் எண்ணெயும் ஏறி இருக்கும், வீட்டு மிஷினுக்குப் போகாது. அக்காதான் வெளுத்துத் தருவாள்.

விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"இதுக்கா இப்படி முழிக்கறே? நான்கூட சட்டை கிழிஞ்சிடுச்சுன்னு சண்டைக்கு வந்திருக்கேன்னு நெனச்சேன். எழுதிக்கோ." பேரும் நம்பரும் சொன்னாள். அப்புறம் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, "சரி, உன் பேரு என்ன? போன் பண்ணிக் கேட்டா சொல்லணுமே. நான் இத்தனை நாளா 'மூணாம் மாடி'ன்னுதான் எழுதிக்கிட்டிருக்கேன்."

சொன்னேன்.

"நல்ல பேரா இருக்கே! இவ்வளவு நாள் எங்க வச்சிருந்தே?"

சிரித்துக்கொண்டே வந்தேன். படியேறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதற்கெல்லாமா அழுவார்கள்?

இன்னொருவர் பஸ் டிரைவர் அண்ணன். போனில் பிடித்தேன். "யாரு... நாலாம் சீட்டா? தாராளமா குடுங்க தங்கச்சி. சில்லுக் குட்டி பேரு தெரியும், உங்க பேரு மட்டும் மெசேஜ்ல அனுப்பிடுங்க."

ஆக, என்னை நன்கு அறிந்த இருவருக்கும் இன்றுதான் என் பேர் தெரியும்.


மார்ச் 12, புதன்

நம் தூதரகம். ஒன்பது மணிக்கு நின்று ஒரு மணிக்குக் கவுன்டர். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பழைய போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "இளைச்சிட்டீங்க" என்றார். குற்றம் சொன்னாரா, அக்கறையா தெரியவில்லை.

"கணவரோட ஒரே முகவரின்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா சார்." பொய்யில்லையே? அவர் சட்டைகள் எல்லாம் இங்கேதானே இருக்கின்றன.

முப்பத்தாறு பக்கமா அறுபதா என்கிற கட்டத்தை விட்டுவிட்டிருந்தேன். குழந்தைக்கு முப்பத்தாறு மட்டும்தானாம், எனக்கு எது வேண்டுமானாலும் எடுக்கலாமாம். "விசாரணை முடிஞ்சதும் ரெண்டாம் கவுன்டர்ல போட்டாப் போதும். எல்லாம் சரியா இருந்தா பத்து நாள்."

பத்து நாள் என்றால் இருபத்திரண்டு. மூச்சு வந்தது.


மார்ச் 15, சனி

பார்க். மழை. திரும்பினோம்.


மார்ச் 17, திங்கள்

ஒன்றுமில்லை. யாரும் கூப்பிடவில்லை. காலையிலிருந்து சில்லுவைத் தவிர ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மாலையில்தான் தெரிந்தது. கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். வீட்டில் மூன்று இருக்கிறது. "இருக்கா?" "இருக்கு." "சரி." அதுவும் பேச்சுதானே.


மார்ச் 18, செவ்வாய்

தூதரகத்திலிருந்து போன்.

விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாட்சி சொன்னவர் சொன்னதும் நான் எழுதியதும் ஒத்துப்போகவில்லையாம். கணவர் அந்த முகவரியில் வசிப்பதில்லை என்று விசாரணையில் தெரிகிறதாம். அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு விளக்கம் சொன்னால்தான் மேலே போகும்.

சில்லுவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா சொன்னீங்க?"

"எத்தனை நாளா தெரியும்னு கேட்டாங்க, ரெண்டு வருஷம்னேன். நல்லவங்களான்னாங்க, தங்கம்னேன். வீட்டுக்காரர் கூட இருக்காரான்னு கேட்டாங்க. அவரு சட்டையத்தாம்பா பாத்திருக்கேன், ஆளைப் பாத்ததில்லன்னேன். அந்தப் பொண்ணு அந்தக் கொழந்தைய வச்சிக்கிட்டுத் தனியாத்தான் கெடக்குதுன்னேன்." என் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன், தப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். தப்பில்லையே. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் வாயைத் திறந்து ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. மாடியில் எரியும் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள், பையில் வரும் துணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நன்கு அறிந்தவர் என்று கேட்டார்களே. அறிந்துதான் இருக்கிறாள்.

இவருக்குச் சொன்னேன். "அந்தம்மாகிட்ட என்னத்தைப் புலம்பி வச்ச?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்க பாத்ததைச் சொன்னாங்க."

பிறகு, லீவு கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இன்னும் பதினைந்து நாள்.


மார்ச் 20, வியாழன்

சாயங்காலம் வந்தார். ஐந்து வாரத்துக்குப் பிறகு. ஐந்து மணி நேரம் வேனில் வந்த தூசி புருவத்தில்.

கதவைத் திறந்ததும் சில்லு குறுக்கே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கையில் ஷாம்பு மூடி.

"பாஸ்போட்டு?"

அவர் சிரித்துக்கொண்டு இடது உள்ளங்கையை நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள், சரிபார்க்கிற மாதிரி.

"எத்தனை நாள்?"

"என்னடா?"

"எத்தனை நாள் இருப்பீங்க? சொன்னாத்தான் குத்துவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தேன்.

"ரெண்டு நாள்" என்றார்.

நீல மையில் ஒன்று அழுத்திக் குத்தினாள். ஸ்டூலை நகர்த்தி வழி விட்டாள். கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை அவளுக்கு. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறாள் குழந்தை.

சாப்பிடும்போது அவர் இடது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார்.


மார்ச் 21, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதல் கவுன்டரில் அதே கண்ணாடிக் கயிற்றுக்காரர். இவர் அடக்கமாக, சைட்டில் ஆண்கள் முகாம், குடும்பம் வைக்க முடியாது, அதனால் டவுனில் வீடு என்று விளக்கினார். அவர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது மாதிரி கேட்டார்:

"உங்க கம்பெனிக்காரங்களுக்குக் குடும்ப அனுமதி குடுக்கறாங்களே. போன மாசம்கூட ரெண்டு பேர் வந்தாங்க. நீங்க ஏன் எடுக்கல?"

"அது டவுன் ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு சார். சைட்டுக்குக் கிடையாது."

"மாத்திக் குடுக்க மாட்டேங்கறாங்களா?"

இவர் என் பக்கம் திரும்பினார். நான் பக்கத்தில் நிற்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"போன வருஷம் கேட்டாங்க. நான்தான்... சைட் அலவன்ஸ் போயிடுமேன்னு..."

"ஓ" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை, அதற்கு நன்றி.

போன வருஷம். எந்த மாசம்? சில்லுவுக்கு பஸ்ஸில் காய்ச்சல் அடித்ததே, எல்லை வரிசையில் என் தோளிலேயே வாந்தி எடுத்தாளே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா? கம்பெனி தரலைம்மா, தரலைம்மான்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் கையில வச்சுக்கிட்டா சொன்னீங்க?

ஒன்றும் கேட்கவில்லை. அங்கே கேட்க முடியாது.

இரண்டாம் கவுன்டர். விண்ணப்பத்தைத் திருப்பி வைத்து, "இந்தக் கட்டம் பாக்கி. முப்பத்தாறா, அறுபதா?"

"அறுபது" என்றார் இவர், சட்டென்று, உதவி செய்கிற மாதிரி.

நான் பேனாவை எடுத்தேன். சில்லுவின் விண்ணப்பம் பக்கத்தில் இருந்தது. அவளுக்கு முப்பத்தாறு. அவளுக்கு எத்தனை பக்கமோ எனக்கும் அத்தனை போதும். முப்பத்தாறில் டிக் போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிடும் போல இருந்தது.

"ஏய், மாத்திப் போட்டுட்டே."

"இல்லங்க. சரியாத்தான் போட்டிருக்கேன்."

"தீந்துடுமேம்மா."

"தீரட்டும். ஆனா இந்தத் தடவை முத்திரையால தீராது. அதுக்கு முன்னாடி ஒண்ணு நாங்க குடும்ப அனுமதியோட இங்க இருக்கணும், இல்ல ஊருக்குப் போகணும். நீங்களே சொல்லுங்க எதுன்னு."

கவுன்டர் பெண் சீல் வைக்கும் மிஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், தெருமுனையில், "நமக்கு வீடு கட்டத்தானே..." என்றார். தெரியும். அது பொய் இல்லை என்றும் தெரியும். எந்த வீட்டில் யார் இருப்பது என்றுதான் தெரியவில்லை.


மார்ச் 22, சனி

கிளம்பிப் போனார். சில்லு வெளியேறும் முத்திரை குத்தினாள், அதே உள்ளங்கையில், முதல் முத்திரைக்குப் பக்கத்தில். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார், வரிசையில் நிற்பவர் மாதிரி.


மார்ச் 25, செவ்வாய்

போனில்: "சாப்டீங்களா?" "ம். நீ?" "ம்."

பிறகு, வைக்கப்போகும் நேரத்தில்: "அந்த மை இன்னும் போகலை. என்ன பேனா அது?"


மார்ச் 29, சனி

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. இரண்டு பெட்டிகளையும் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும். அக்கா மாடி ஏறி வந்தாள், முதல் முறையாக. முட்டி வலியோடு மூன்று மாடி. பெட்டிகளைப் பார்த்தாள். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், இல்ல?" என்றாள்.

"அக்கா, டீ போடட்டுமா?"

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நானே பேசிக்கொண்டிருந்தேன். அவளால் குறுக்கே ஒரு வார்த்தை போட முடியவில்லை.


மார்ச் 31, திங்கள்

வந்துவிட்டது! இரண்டும். மெல்லிசாக, விரைப்பாக, புதுத்துணி வாசனையோடு. பழையதின் மூலையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன், கடைசி இரண்டு பக்கத்தின் பொடி எழுத்து உட்பட.


ஏப்ரல் 1, செவ்வாய்

ஆறரை பஸ். நாலாம் சீட். "புது புஸ்தகமா தங்கச்சி? வாழ்த்துகள்" என்று என் பேரையும் சேர்த்துச் சொன்னார் அண்ணன். முத்திரை அதிகாரி காலிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, எங்கே குத்துவது என்று தெரியாதவர் போல ஒரு கணம் யோசித்தார். நாலு முத்திரை. முதல் பக்கம் முடிந்தது.

ஊருக்கா இங்கேயா – இவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டிகள் கட்டிலுக்கு வெளியிலேயே இருக்கின்றன.


ஜூன் 27, வெள்ளி

இன்றைய தேதிக்கு நாங்கள் எல்லைக்குப் போயிருக்க வேண்டும்.

காலையில் பழக்கத்தில் ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்து நின்றோம், நானும் சில்லுவும். பஸ் எங்கள் தெருவில் திரும்பியது. நாலாம் சீட்டில் யாரோ ஒரு பெண், மடியில் பை. அண்ணன் நிமிர்ந்து பார்த்து இரண்டு ஹாரன் அடித்தார். சில்லு கை ஆட்டினாள். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் தெரு அப்படியே இருந்தது.

பாஸ்போர்ட்டில் மூன்று பக்கம் முத்திரை. நாலாம் பக்கத்தில் போன வாரம் ஒட்டிய குடும்ப அனுமதி. மீதி காலி.

இவருக்கு இன்னும் என் மேல் கோபம் முழுசாகத் தீரவில்லை. டவுன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்கிறார். சைட்டில் அவருக்குக் கீழே இருந்தவன் இப்போது மேலே போய்விட்டானாம். என்னோடு அதிகம் பேசுவதில்லை. நானும் போன வருஷம் எந்த மாசம் என்று கேட்கவில்லை. ஒரு நாள் கேட்பேன்.

சாயங்காலம் ஆறேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம். சில்லு ஓடினாள். ஸ்டூல் சமையலறையில் இருந்தது. நான் காத்திருந்தேன்.

"என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள்.